பெரிய காபரேட்டரும் வாயைத் திறக்காத வீட்டுக்காரரும்

ஹட்டன் கராஜ்ல இருந்து இப்பதான் வீட்டுக்கு வந்தேன். கோவம் இன்னும் அடங்கல.

போன மாசம் என் பழைய மொரிஸ் மைனர் காருக்கு, எஞ்சினுக்குள்ள பெட்ரோலும் காத்தும் கலந்து விடுற காபரேட்டரை அங்கதான் பெரிசா மாத்தினேன். அதுல இருந்து ஏத்தத்துல வண்டி இழுக்கவே இல்ல. இன்னைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போனேன்.

வண்டி என்னோடது, ஓட்டுறதும் நான்தான். ஆனா மெக்கானிக் பேசினதெல்லாம் இவர்கிட்ட.

"மிஸ்ஸுக்கு கியர் மாத்தத் தெரியல சார். பழைய வண்டி பொம்பளைங்களுக்கு சரிவராது."

இவர் தலையாட்டுறார்.

நான் பொனட்டைத் திறந்து, இவரை ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதிக்கச் சொன்னேன். காபரேட்டர் வாய் பாதிதான் திறந்துச்சு. ஆக்சிலேட்டர் கேபிளைத் தொளதொளன்னு மாட்டி வச்சிருக்காங்க, அப்புறம் வண்டி எப்படி இழுக்கும்?

"இதுக்கும் என் கியருக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்டேன்.

"யாரோ கை வச்சிருக்காங்க சார்." அதையும் இவர்கிட்டதான் சொன்னார்.

ஸ்பேனரை எடுத்து நானே கேபிளை இறுக்கினேன். வர்ற வழியில ஏத்தமெல்லாம் மூணாங் கியர்லயே ஏறுச்சு.

பாதி தூரம் வந்தப்புறம் இவர் வாயைத் திறந்தார்: "நாலு பேர் முன்னாடி அந்தாளை அசிங்கப்படுத்தியிருக்க வேணாம்."

அசிங்கப்பட்டது யாருன்னு நீங்களே கமெண்ட்ல சொல்லுங்க. இவரும் படிப்பார், கூச்சப்படாம எழுதுங்க.