கொஞ்சம் பின்னாடி போட்டுக் காட்டுப்பா!

வீடியோ டெக் வாடகைக்கு விடுகிறவனுக்கு முதலாளி ஒருத்தர் இல்லை. டிவி முன்னால் பாய் விரித்து உட்கார்ந்த அத்தனை பேருமே முதலாளிகள்தான்.

எண்பதுகளில் ஆம்பூரில் எனக்கு அதுதான் தொழில். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு டெக். அதற்குள் ஹெட் என்று ஒன்று சுற்றும். டேப்பிலிருந்து படத்தை எடுத்துக் கொடுப்பது அதுதான். ஹெட் போனால் திரையில் வெறும் புள்ளி கொட்டும். புதுசு வாங்கிப் போட எனக்கு வக்கில்லை, பிழைப்பே போச்சு. படத்தை நேராக ஓட்டினால் அது பாட்டுக்கு உழைக்கும். நிறுத்தி நிறுத்தி, போட்ட இடத்தையே திரும்பப் போட்டால் தேய்ந்துவிடும். நேராகப் பார்க்கிற ஜனங்களை நான் பார்த்ததே இல்லை. அடுத்தவர் உத்தரவுக்குப் பொத்தான் அமுக்கி வயிறு வளர்த்தவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியும்.

உள்ளங்கையில் நம்பர்

டேப் எதுவரை ஓடியிருக்கிறது என்று காட்ட டெக்கின் முகப்பில் ஒரு நம்பர் ஓடும். ஷூ கம்பெனி ஸ்டோர் கீப்பர் ஒருவர், தன் தம்பி வீட்டு டெக்கில் ஒரு படம் பார்த்தபோது, சண்டை வரும் இடத்தின் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அதே படம் என்னிடம் இருந்தது. அந்த நம்பருக்கு ஓட்டினேன். கதாநாயகிக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது.

நான்தான் சண்டையை ஒளித்து வைத்ததுபோல முறைத்தார். டெக்குக்கு டெக் அந்த நம்பர் ஓடுகிற வேகம் வேறு என்று தொண்டை வறளச் சொன்னேன். முன்னும் பின்னும் ஓட்டி ஒருவழியாகச் சண்டையைத் தேடிக் கொடுத்தேன். அதற்கு நன்றி எல்லாம் கிடையாது. "மெஷினுக்கு மெஷின் நம்பர் மாறும்னா, அப்புறம் அதை இன்னாத்துக்குய்யா வெச்சான்?"

அந்தரத்தில் ஒருவர்

மேல்விஷாரத்தில் வெள்ளிக்கிழமை தோல் பதம்போடும் டேனரிகளுக்கு லீவு. ஒரு தோல் வியாபாரி வீட்டில் காலையிலேயே படம் போட்டோம். கதாநாயகன் மொட்டை மாடியிலிருந்து குதிக்கிற நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மரியாதையாக ஸ்டாப் பொத்தானை அமுக்கினேன். அந்த வீட்டுப் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. விட்ட இடம் போய்விடுமாம்! இருக்கிற இடத்திலேயே நிற்க வைக்க வேண்டுமாம்.

ஸ்டாப்பிலும் இடம் எங்கேயும் ஓடிவிடாது, பாஸ் பொத்தானை அமுக்கிப் படத்தை நிற்க வைத்தால்தான் ஹெட் டேப்பின் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும் என்று கெஞ்சினேன். அவர் டிவி மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு கிளம்பினார். "ஜாஸ்தி நேரம் ஆவாதுப்பா. நாங்க தொழுதுட்டு வர்ற வரைக்கும் அந்த ஆளு அந்தரத்துலயே இருக்கட்டும்."

வெள்ளைக் கோடு

பேரணாம்பட்டு டேனரி ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து தோல் சீவும் மெஷின் வந்தது. கூடவே அதை ஓட்டிக் காட்டும் கேசட்டும் வந்தது. கேசட்டில் வருகிற வெள்ளைக்காரன் தோலை எப்படிப் பிடிக்கிறான் என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். "பின்னாடி போ, நிறுத்து, கட்டைவிரலைக் காட்டு" என்று மேனேஜர் என்னைப் பிழிந்து எடுத்தார்.

நிறுத்தினால் படத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு விழும். அந்தக் காலத்து டெக் அப்படித்தான். சரியாகக் கட்டைவிரல் மேலேயே கோடு நின்றது. தொழிலாளிகள் அத்தனை பேர் முன்னாலும் மேனேஜர் சொன்னார்: "இந்த மாதிரி ஒரு கோடு எங்க தோல்ல விழுந்தா, வாங்குறவன் மொத்த சரக்கையும் ரிஜெக்ட் பண்ணிடுவான் தெரியுமா?"

சம்பந்தி மாலை

குடியாத்தத்தில் லுங்கி நெசவு செய்யும் குடும்பம். கல்யாணமான கையோடு பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். மண்டப வாசலில் தனக்கு மாலை போடவில்லை என்று மாமனார் திருப்பி அனுப்பிவிட்டாராம். போட்டேன் என்று பெண்ணின் அப்பா சத்தியம் செய்கிறார். இரண்டு வீட்டாரும் கல்யாண கேசட்டை வைத்துக்கொண்டு தீர்ப்புக்கு உட்கார்ந்துவிட்டார்கள். நீதிபதி என் டெக்!

அதற்குள் என் ஹெட் தேய்ந்து, படம் ஓரமெல்லாம் நடுங்க ஆரம்பித்திருந்தது. முடியாது என்று எழுந்து வந்திருக்க வேண்டும். தறிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் டிவியைப் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேசட்டைச் செருகினேன். கேமராக்காரன் கண்மூடித் திறப்பதற்குள் வாசலைக் காட்டிவிட்டு மேளத்துக்குப் போயிருந்தான். பின்னால் ஓட்டி, முன்னால் ஓட்டி, மறுபடி ஓட்டி, நிறுத்தினேன். கூட்டத்துக்கு நடுவே சம்பந்தி கழுத்தில் மாலை விழுந்துகொண்டிருந்தது. வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெண் உள்ளே ஓடிப் பெட்டியை எடுத்து வந்தாள். சம்பந்தி மட்டும் பாயை விட்டு எழவில்லை. "பொண்ணைக் கூட்டினு போறோம்பா, அதுக்கு இன்னா அவசரம்? அந்த மாலை விழற இடத்தை இன்னொரு வாட்டி போடு."

இன்னொரு வாட்டி போட்டதும் திரையில் புள்ளி கொட்டியது, பெண் புருஷன் வீடு போய்ச் சேர்ந்தாள், நான் டேனரியில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கேயாவது, பதம்போட்ட தோலைத் திரும்ப ஆடாக்கிக் காட்டுப்பா என்று எவனும் கேட்பதில்லை.