கண்ணாடி வாசித்த வாசகம்

கடற்கரையோரம், பள்ளிமுனையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்தது, உப்புத் தண்ணீரில் விழுந்தது, பிள்ளை கடித்தது என்று எல்லாம் என் மேசைக்கு வரும். அதனால் கனடாவிலிருந்து மச்சாள் என் கணவருக்கு ஒரு ஸ்மார்ட் கண்ணாடி அனுப்பியபோது, அவர் போட்டுப் பார்க்கும் முன்பே நான் அதைக் கையில் எடுத்துவிட்டேன்.

அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணில் இறங்கி இரண்டு வருடம். ஓரத்தால் வள்ளம் தெரியும், ஆள் தெரியும். நேரே பார்க்கும் இடத்தில் மட்டும் மங்கல். எழுத்து போய்விட்டது. அதோடு மாதா கோயில் பூசையில் வேதாகம வாசகம் வாசிப்பதும் போய்விட்டது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மேடையில் நின்றவர். புத்தகத்தில் ஒரு வசனம், சனத்தின் முகத்தில் ஒரு பார்வை, திரும்பப் புத்தகம். அப்படித் தலை நிமிர்ந்து வாசிக்க எங்கள் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். வாசிக்க முடியாமல் போனபின் அவர் பூசைக்கு வந்தால் கடைசி வரிசை வாங்கில்தான் இருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை.

கண்ணாடியில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு மூலையில் குண்டுமணி அளவில் கமரா. காதில் மாட்டும் தண்டுகளுக்குள் பற்றரி, மைக், சின்ன ஸ்பீக்கர். கமரா எடுக்கும் படம் புளூடூத் வழியாகப் போனுக்கு வரும். போன் அதை எங்கோ இருக்கும் பெரிய கணினிக்கு இணையத்தில் அனுப்பும். அங்கே எழுத்தை அடையாளம் கண்டு, குரலாக்கித் திருப்பி அனுப்புவார்கள். எல்லாம் நாலைந்து மூச்சுக்குள். மூளை கண்ணாடியில் இல்லை, இது வெறும் எடுபிடி என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

"தமிழ் வாசிக்குமோ?"

பழைய பத்திரிகை ஒன்றை அவர் முன் பிடித்தேன். வாசித்தது. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு, "வாசகப் புத்தகத்தை எடும்" என்றார்.

ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் பழகினார். காதில் விழுவதை விழுந்த கையோடு சொல்ல வேண்டும், யோசித்தால் பிந்திவிடும். அது நன்றாகக் கைவந்த பிறகு பாதரிடம் கேட்டோம். சந்தோசமாகச் சம்மதித்தார்.

அந்த ஞாயிறு முதல் இரண்டு வசனமும் மணிமணியாக வந்தன. பிறகு பழைய பழக்கத்தில் அவர் தலையை நிமிர்த்தினார். எதிர்த் தூணில் ஒரு மின்விசிறி. எங்கள் கோயிலில் மின்விசிறியோ வாங்கோ சொரூபக் கூடோ, கொடுத்தவரைச் சொல்லும் எழுத்து இல்லாமல் இருக்காது. அதிலும் இது கை அகல எழுத்து. கண்ணாடிக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். இறைவாக்கினர் சனத்தைக் கண்டித்துக்கொண்டிருந்த இடத்தில், அதே கம்பீரக் குரலில் என் கணவர் சொன்னார்: "அன்புத் தந்தையின் நினைவாகப் பிள்ளைகள் அன்பளிப்பு."

முன்வாங்குப் பெண்கள் வாயைப் பொத்தினார்கள். கரையில் அடுத்த ஞாயிறுவரை, ஒரு கிழமைக்கு, அவருக்கு 'அன்பளிப்பு' என்றே பெயர். கண்ணாடியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இனி நான் ஏறமாட்டன். என்னை விடும்."

"தலையை நிமித்தாம வாசியுங்கோவன்."

"அது வாசிப்பில்ல, முணுமுணுப்பு."

எனக்கு என் மேல்தான் கோபம் வந்தது. நன்றாகச் சோதிக்காமல் ஒரு போனைக்கூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை. இதைக் கொடுத்துவிட்டேனே! இந்தக் கண்ணாடிக்கு வாசிக்கத் தெரியும், எப்போது வாயை மூடவேண்டும் என்று தெரியாது. ஒரு நாள் அதுவும் தெரிந்துவிடும். கருமணி போகும் பக்கத்தைக் கவனித்து, கண் புத்தகத்தை விட்டு விலகினால் பொறுத்திருக்கும். இணையம் இல்லாமல் தண்டுக்குள்ளேயே வேலையை முடிக்கும். மிச்சம் இருக்கும் பார்வைக்கு ஏற்றபடி எழுத்தை வில்லையிலேயே பெரிதாகக் காட்டும். வரட்டும், வந்தால் அதையும் நான்தான் திருத்துவேன். ஆனால் அவரைத் திரும்ப மேடையில் ஏற்ற நான் நினைத்திருந்த கோயில் திருநாளுக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

பாட்டுக் கேட்கிறவர்களுக்காக அதில் ஒரு வசதி வைத்திருந்தார்கள். தண்டைத் தட்டினால் அடுத்த பாட்டு வரும். திருநாள் வாசகத்தை வசனம் வசனமாக என் குரலில் போனில் பதிந்தேன். ஒவ்வொரு வசனமும் ஒரு பாட்டு, அடுத்தது தானாக ஓடாதபடி ஒவ்வொன்றின் முடிவிலும் நீண்ட மௌனம். ஒரு தட்டு, ஒரு வசனம். கமராவும் வேண்டாம், இணையமும் வேண்டாம். திருநாள் சனம் கூடினால் சிக்னல் எப்படியும் செத்துவிடும். பக்கத்து வீட்டுக் கோழியால் மூன்று தரம் திரும்பப் பதிய வேண்டியிருந்தது.

அலுமாரியைத் திறந்து, கெஞ்சி, அதட்டி, கண்ணாடியை மாட்டிவிட்டேன். முழுவதையும் கேட்டார்.

"நீர் மூச்சு விடுற இடமெல்லாம் கேக்குது" என்றார்.

"அந்த இடத்தில நீங்களும் விடுங்கோ."

திருநாளன்று முற்றம்வரை சனம். அவர் மேடையில் ஏறினார். கண்ணாடியைச் சரிசெய்வதுபோலத் தண்டைத் தட்டினார். ஒரு வசனம் சொன்னார். தலையை நிமிர்த்தி அந்தத் தூண் பக்கமே பார்த்தார். பிறகு வலப்பக்கம், இடப்பக்கம். திரும்பத் தட்டினார். கடைசிவரை ஒரு சொல் தடுக்கவில்லை. இவர் என் மனுசன் என்று பக்கத்தில் இருந்தவளை இடித்துச் சொல்லவேண்டும்போல இருந்தது, அவளுக்கு அது தெரியும் என்றாலும்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். 'அன்பளிப்பு' என்று முதலில் கூப்பிட்ட ஆளே ஓடிவந்தார்.

"அண்ணை, கண் சுகமாகிட்டுதோ?"

ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஊரும் நம்பியிருக்கும். என் கணவர் கண்ணாடியைக் கழற்றி, அந்த மனிதருக்கு மாட்டிவிட்டு, தண்டைத் தட்டினார்.

"இது அக்காவின்ர குரலெல்லோ!"

"ஓம். கண் சுகமாகேல்ல. வாசிச்சது இவ. நான் திருப்பிச் சொன்னனான், அவ்வளவுதான். கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து வீட்டிலயும் அதுதானே நடக்குது."

முற்றத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியை வாங்கிப் பெருமையோடு என் மனுசனுக்கு மாட்டிவிட்டேன். அவர் காதை என் பக்கம் திருப்பி, நான் ஏதாவது சொன்னால் திருப்பிச் சொல்லக் காத்துக்கொண்டு நின்றார்.