ஹெல்மெட்டைத் தொடாதீர்கள்

பதினாறு வருடமாக நான் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். கோல சிலாங்கூர் பக்கம் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுபவர்களில் பாதிப் பேர் எங்கள் கையில்தான் வந்து சேருவார்கள். செம்பனைத் தோட்டத்து மண் பாதையில் சறுக்கியவர், சுங்கை செம்பிலாங்குக்கு மீன் வாங்கப் போய் நாயின்மேல் மோதியவர், வயலோர வாய்க்காலுக்குள் வண்டியோடு இறங்கியவர் என்று தினமும் யாராவது ஒருவர். "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" என்று கேட்பேன். "போட்டிருந்தாரு மிஸ்ஸி. நாங்கதான் கழட்டிட்டோம்" என்பார் கூட வந்தவர்; இங்கே தாதிகள் எல்லாரும் மிஸ்ஸிதான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். எப்படிக் கழற்றினீர்கள் என்று கேட்டால், கொடியிலிருந்து பூசணிக்காயைப் பிடுங்குவதுபோல் இரண்டு கையையும் மேலே இழுத்துக் காட்டுவார்.

விழுந்தவரின் கழுத்தெலும்பில் விரிசல் இருந்தால் அந்த ஓர் இழுப்பு போதும், கையும் காலும் வாழ்நாள் முழுக்க அசையாமல் போய்விடும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சர்ச்சில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் பள்ளியில் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அடுத்த வாரமே யாராவது ஒருவரை ஹெல்மெட்டைப் பிடுங்கிவிட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. சுங்கை பஞ்சாங்கில் என் கணவரின் சிநேகிதர் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். தஞ்சோங் காராங் தாண்டியதும், எங்களுக்கு முன்னால் போன மோட்டார்சைக்கிள் திடீரென்று ஆடியது. பெரிய உடும்பு ஒன்று சாலையைக் கடந்து வாய்க்காலுக்குள் இறங்கியதைப் பார்த்தேன். வண்டி ஒரு பக்கம் கிடந்தது, ஆள் ஒரு பக்கம் கிடந்தார்.

"காடிய நிப்பாட்டுங்க" என்றேன்.

"இன்னிக்கு ஒனக்கு லீவு" என்றார் என் கணவர். ஆனால் அதற்குள் நிறுத்திவிட்டிருந்தார்.

நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையிலிருந்து பாய் ஓடிவந்தார். அந்தக் கடையின் முதலாளி அவர்தான், ஐம்பது வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் மாவு. முழங்காலிட்டு, விழுந்தவரின் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட் அது.

"பாய்! கைய எடுங்க! தொடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் அவர் கையை எடுத்துவிட்டார். நான் விழுந்தவரின் தலைமாட்டில் முட்டி போட்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றி, ஹெல்மெட் அசையாதபடி இரு பக்கமும் பிடித்துக்கொண்டேன். தார் ரோட்டின் சூடு சேலையைத் தாண்டி முட்டியைச் சுட்டது. முன்கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிடச் சொன்னேன். என் கணவர் தூக்கினார். உள்ளே நாற்பது நாற்பத்தைந்து வயது மனிதர் ஒருவர் கண்ணைச் சிமிட்டினார்.

"அண்ணே, நான் நர்ஸு. தலைய ஆட்டாதீங்க. வாயால மட்டும் பதில் சொல்லுங்க. எங்க வலிக்குது?"

"கழுத்து" என்றார். "உடும்பு குறுக்க வந்துருச்சி மிஸ்ஸி."

கை விரலையும் கால் விரலையும் அசைக்கச் சொன்னேன். அசைத்தார். மூச்சு சீராக இருந்தது, பேச்சும் தெளிவாக இருந்தது. அப்படி இருப்பவருக்கு ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். என் கணவர் 999-க்குப் போன் செய்தார். வந்துகொண்டிருக்கிறது என்றார்கள்.

இது எனக்குத் தெரிந்து என்ன பயன்? சுற்றி நின்றவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"மூச்சு முட்டும்மா அவருக்கு" என்றார் பாய்.

"முட்டல. பேசிக்கிட்டுத்தான இருக்காரு."

"எப்படிப் புழுங்கும் உள்ள? கழட்டி மூஞ்சில கொஞ்சம் தண்ணி தெளிச்சா—"

"தெளிக்க வேணாம்."

அதற்குள் யாரோ ஒருவர் கண்ணாடித் திறப்பு வழியாகத் தண்ணீர் பாட்டிலை உள்ளே நீட்டினார். தலையாலேயே முட்டி அதைத் தள்ளிவிட்டேன். என் இரண்டு கையும் ஹெல்மெட்டில் இருந்தது. வயல் பக்கமிருந்து வந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், இவரைத் தூக்கி நிழலில் போடலாமே என்றார். வேண்டாம் என்று மலாயில் சொன்னேன். பாய் கடைக்குள் போய் ஒரு கிளாஸ் தேத்தண்ணியோடு திரும்பினார். சர்க்கரை போட்டுக் கொடுத்தால் தெம்பு வரும் என்றார்.

"பாய், இப்ப இவரு ஒண்ணும் குடிக்கக் கூடாது!"

"ஏன் மிஸ்ஸி இப்படி ஏசுறீங்க? நல்லதுக்குத்தான சொல்றேன் லா."

என் கணவராவது துணைக்கு வருவார் என்று அவர் பக்கம் பார்த்தேன். அவர் குனிந்து என் காதருகே, "கழட்டினாத்தான் என்ன? நீதான் பக்கத்துல இருக்கியே" என்றார். பதினாறு வருடம் இந்த மனிதரின் வீட்டிலிருந்துதான் நான் வேலைக்குப் போய் வருகிறேன். தினமும் சாப்பாட்டு மேசையில் சொன்னதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

பத்து நிமிடம் இப்படிச் சண்டையிலேயே போனது. பிறகு நிலைமை மாறியது.

விழுந்தவரின் பேச்சு குழற ஆரம்பித்தது. பெயரைக் கேட்டேன், முனகினார். இன்னொரு முறை கேட்பதற்குள் வாந்தி எடுத்தார். ஹெல்மெட்டின் தாடைப் பகுதி அதை வெளியே போக விடவில்லை. தொண்டையில் களகளவென்று சத்தம். நான் தலையைப் பிடித்துக்கொள்ள, பாயும் பெரியவரும் என் கணவரும் தோளையும் இடுப்பையும் காலையும் பிடித்து, நான் மூன்று எண்ணியதும் உடம்பை ஒரே கட்டையாக ஒருக்களித்தார்கள். கொஞ்சம் வெளியே வந்தது. மறுபடி மல்லாத்தினோம். களகளப்பு நிற்கவில்லை. தாடையை முன்னால் தள்ளிப் பிடித்தால்தான் மூச்சு வழி திறக்கும். அதற்கு என் விரல் தாடைக்குப் போக வேண்டும். ஹெல்மெட் இருக்கும்வரை போகாது. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

கழுத்து முக்கியம்தான். மூச்சு அதைவிட முக்கியம்.

"ஹெல்மெட்ட கழட்டணும்" என்றேன்.

பாய் இரண்டு கையையும் விரித்தார். "இதத்தான மிஸ்ஸி நான் மொதல்லேருந்து சொல்றேன்!"

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்லி முடித்ததில்லை. ஆனால் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழுத்தைத் தாங்க வேண்டும், இன்னொருவர் ஹெல்மெட்டை உருவ வேண்டும். என் கணவர் மறுபடி 999-க்குப் போன் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தது பாய்தான்.

"பாய், வாய மூடிக்கிட்டு இங்க தலமாட்டுக்கு வந்து உக்காருங்க. நான் சொல்றத மட்டும் செய்யுங்க."

அவர் வந்து ஹெல்மெட்டை என்னிடமிருந்து வாங்கி, நான் பிடித்திருந்ததுபோலவே பிடித்துக்கொண்டார். நான் பக்கவாட்டுக்கு நகர்ந்தேன். தாடைக்கடியில் இருந்த வாரின் கொக்கி கழலவில்லை. கடையிலிருந்து கத்தி கொண்டுவரச் சொல்லி வாரை அறுத்தேன். ஒரு கையின் கட்டை விரலும் மற்ற விரல்களும் விழுந்தவரின் தாடையின் இரு பக்கமும் இருந்தன; மறு கையைப் பிடரிக்கடியில் கொடுத்து, தலையின் முழு பாரத்தையும் வாங்கிக்கொண்டேன்.

"இப்ப ரெண்டு பக்கத்தையும் வெளிய விரிங்க. காதுல மாட்டக்கூடாது. ம்... மெதுவா. மேல இழுங்க. மூக்குல இடிக்குது, கொஞ்சம் பின்னால சாச்சு. இன்னும். நில்லுங்க. என் கைய நகத்துறேன். இப்ப இழுங்க."

பாய் மூச்சைக்கூட விடவில்லை. ரொட்டி மாவை மெல்லிசாக இழுத்துப் பழகிய கை அது. இவ்வளவு பதமாக ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவர்கள் செய்தும் நான் அதிகம் பார்த்ததில்லை. ஹெல்மெட் வெளியே வந்தது. தலை பின்னால் சாய்ந்துவிடாமல் பாயின் துண்டை மடித்து அடியில் வைத்தோம். வாயைத் துடைத்து, தலைமாட்டுக்குப் போய்த் தாடையை முன்னால் தள்ளிப் பிடித்தேன். களகளப்பு நின்றது. நீண்ட மூச்சு ஒன்று உள்ளே போனது. நாலைந்து மூச்சில் உதட்டின் நிறம் திரும்பியது.

ஆம்புலன்சில் வந்தவர் எங்கள் பிரிவிலேயே வேலை செய்யும் மருத்துவ உதவியாளர், வயதில் என்னைவிடச் சிறியவர். இறங்கியதுமே பாயின் மடியில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டார்.

"யாரு கழட்டினது? எத்தன தடவ சொல்றது ஒங்களுக்கெல்லாம்? கழுத்து ஒடைஞ்சிருந்தா யாரு பதில் சொல்றது?"

பாய் என்னைப் பார்த்தார். பதினாறு வருடமாக நான் சொல்லி வந்த வார்த்தைகள் அவை, ஒன்றுகூட மாறவில்லை.

"நான்தான் தம்பி கழட்டச் சொன்னேன்" என்றேன். "வாந்தி எடுத்து அடைச்சிருச்சி. அவரு நல்லாத்தான் கழட்டினாரு."

அந்தத் தம்பி அப்போதுதான் சேலையில் இருந்த என்னை அடையாளம் கண்டுகொண்டு தலையைக் குனிந்துகொண்டார். விருந்துக்குப் போகும் நிலையில் நானோ சேலையோ இல்லை. ஆம்புலன்சிலேயே ஏறிப் போய்விட்டேன்.

கழுத்தெலும்பு ஒன்றில் விரிசல் இருந்தது ஸ்கேனில் தெரிந்தது. மண்டைக்குள் லேசான ரத்தக்கசிவும் இருந்தது. வாந்திக்கு அதுதான் காரணம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நரம்பு தப்பியிருந்தது. மூன்று மாதம் கழித்து, மனைவியோடு எங்கள் பிரிவுக்கு நடந்து வந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் எடை போடும் இடத்தில் கணக்கெழுதும் கிராணியாம். கேக் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போது அந்த அண்ணன் கேட்டார்.

"மிஸ்ஸி, ஹெல்மெட் வார ஏன் அறுத்தீங்க? புது ஹெல்மெட் அது. கொக்கிய அமுக்கினா கழண்டுருமே."

கேக் டப்பாவை மேசையில் வைத்தேன்.

"வார மட்டும் தச்சுப் போட்டுக்கலாம்னு பாக்குறேன்" என்றார்.

"ஒரு தடவ அடி வாங்கின ஹெல்மெட் அண்ணே. உள்ள பஞ்செல்லாம் நசுங்கியிருக்கும். அடுத்த தடவ காப்பாத்தாது. தூக்கிப் போடுங்க."

"வெளிய ஒரு கீறல்தான் இருக்கு."

கால் மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் மனைவிதான், வீட்டுக்குப் போனதும் அதை வெட்டிப் போடுகிறேன் என்று சத்தியம் செய்தார்.

பாயின் கதை இதோடு முடியவில்லை. போன மாதம் அதே இடத்தில் இன்னொருவர் விழுந்தார். கால் எலும்பு முறிவு, அவ்வளவுதான். எங்களிடம் கொண்டுவந்தபோது அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. பாய் தம் கடை ஆள் ஒருவரைக் கழுத்தைப் பிடிக்கச் சொல்லி, தாமே உருவியிருக்கிறார். அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன்.

"அவரு பேசிக்கிட்டு இருந்தாரா பாய்?"

"ஓ, நல்லாப் பேசினாரு. காலு வலிக்குதுன்னு கத்தினாரு."

"அப்புறம் எதுக்குக் கழட்டினீங்க?"

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே கழட்டினேன் மிஸ்ஸி. துளி ஆடல. கேட்டுப் பாருங்க."

மேசையில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பேசுகிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா, அப்படியானால் தொடக் கூடாது. தலையை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சு அடைத்தால், வேறு வழியே இல்லையென்றால், அப்போதுதான் கழற்ற வேண்டும். பாய் பொறுமையாகக் கேட்டார். திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"பேசினா தொடக்கூடாது" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா வேர்த்துக் கொட்டினா?"

"தொடக்கூடாது."

"அவரே கழட்டுங்கன்னு கெஞ்சினா?"

"கெஞ்சினா மூச்சு இருக்குன்னு அர்த்தம் பாய். தொடக்கூடாது!"

பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாய் தலையை ஆட்டினார். இந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தோசைக்குச் சொல்லிவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.