ஒன்பது கோளும் தெரியும்

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கூலிக்காரர் மகள் காலேஜுக்குப் போனதே வானவியல் படிக்கத்தான். போனால், அந்தப் பாழாய்ப்போன கணக்கு வாசலிலேயே குறுக்கே படுத்துக்கொண்டது. இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் ஊத்திக்கொண்டது. இன்னொரு தடவை போச்சென்றால் படிப்பை விட்டு நாற்றுப் பறிக்க வந்துவிட வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். நட்சத்திரத்தை வைத்துக் கஞ்சி காய்ச்சவா முடியும் என்பது அவர் கட்சி.

அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. மகள் என்ன படிக்கிறாள் என்று நடவு வயலில் யார் கேட்டாலும், கோள் படிக்குது என்பாள். கோள் சொல்லக் காலேஜுக்கு வேறு போகணுமா என்று அத்தனை பேரும் சேற்றில் நின்று சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து மிராசுதார்கள் எல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கூடுதல் நிலத்தைப் பினாமி பேரில் எழுதிவிட்டு, எவன் தாசில்தாரிடம் வத்தி வைப்பானோ என்று தூக்கமில்லாமல் கிடந்தார்கள். எங்கள் ஊர் மிராசுதாரின் காரியக்காரர் காதில் அம்மாவின் பெருமை விழுந்திருக்கிறது. மதகடியில் என்னை மறித்தார்.

"கோளுன்னா நீதானாமே. என்னென்ன தெரியும் உனக்கு?"

ஊரே கிண்டல் பண்ணுகிற படிப்பை ஒருத்தராவது விசாரிக்கிறாரே என்று பூரித்துப்போனேன்.

"ஒம்போதும் தெரியுங்க. எது எங்க இருக்கு, எது பெருசு, எல்லாம் சொல்வேன்."

மனுஷர் முகம் செத்துவிட்டது. மிராசுதாரின் பினாமிப் பட்டாவும் ஒன்பதுதான் என்று நான் என்ன கண்டேன்?

"மேல சொல்லியாச்சா?"

"மேல போகத்தாங்க ஆசை. கணக்குதான் இடிக்குது. ஒரு வாத்தியார் கிடைச்சாப் போதும், வேற ஒண்ணும் வேணாங்க."

இவ்வளவு மலிவாக என் வாயை அடைக்கலாம் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, திருவாரூரில் கணக்கு வாத்தியாராக இருந்த அவர் மச்சினர் சைக்கிளில் வந்து இறங்கினார். பாவம், சைனும் காஸும் என் மண்டையில் ஏறுவதற்குள் அழாத குறை. எப்படியோ மயிரிழையில் தேறிவிட்டேன்.

முடிவு வந்த அன்று காரியக்காரர் எங்கள் தெருவுக்கே வந்தார். அப்பாவை வாடா போடா என்றே கூப்பிட்டுப் பழகியவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பொண்ணு பாஸாமே. இப்பத் திருப்திதானுங்களே?" என்றார். அப்பா, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அவர் போனதும் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்தபடி கேட்டார்.

"இந்தக் கோள்ல இன்னும் எத்தனை வருசம் பாக்கி இருக்கு?"

மூன்று என்றேன்.

"அவசரம் ஒண்ணுமில்ல. மெதுவாவே படி."