பஸ்ஸில் வந்த புலி

ராகலைத் தபால் கந்தோரில் தம்புவுக்குத் தந்தி வேலை. தந்திக் கருவியின் 'கட்கட' ஒலியை ஆங்கில எழுத்தாக்கி, அந்த எழுத்தில் வரும் தமிழ்ச் சொற்களை வாசித்துச் சொல்வார்.

ஒருநாள் சாப்பாட்டுக் கடை பேச்சியம்மாவுக்கு மாத்தளையிலிருந்து அவள் அண்ணன் தந்தி அடித்திருந்தார்.

"புலி பஸ்ஸிலை வருகுதாம்!" வாங்க வந்தவளிடம் தம்பு உரக்க வாசித்ததும் எதிரே இருந்த பஸ் நிலையமே காலியானது.

பதறிய தம்பு மாத்தளைக்குத் தட்டி மறுபடி அனுப்பச் சொன்னார். அதே எழுத்துகளே வந்தன.

"ஒரு எழுத்தும் பிழையில்லை, அக்கா."

"நா அண்ணங்கிட்ட கேட்டது கொழம்புக்குப் புளிங்க, ஐயா!"

ஆங்கிலத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எழுத்து என்பது தம்புவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வெளியிலை சொல்லட்டே?"

"சொல்லாதீங்க. கொஞ்சம் ஓடட்டும்."

பஸ் வந்தது. புளி மூட்டையைத் தொட ஒருவரும் வராததால், சிரித்துக்கொண்டே இருவரும்தான் அதைச் சுமந்தார்கள்.

அதற்குப்பின் தந்தியை வாசிக்குமுன் தம்பு கேட்பார்: "முதலிலை சொல்லுங்கோ, என்ன கேட்டனீங்கள்?"