இடைவேளை வரைக்கும் அவரு, அப்புறம் நானு

தொண்ணூறுகள்ல கருமத்தம்பட்டியில எங்களுக்கு ஊட்டோட நாலு விசைத்தறி. ஓடுற தறிகிட்ட ஒரு ஆளு நிக்கோணும், நூல் அந்துபோனா முடிச்சுப் போடோணும். அதனால நானும் எங்க ஊட்டுக்காரரும் ஒரே டிக்கெட்டுலதான் படம் பாப்போம். இடைவேளை வரைக்கும் அவரு. அப்புறம் சைக்கிளை மிதிச்சுட்டு வந்து கிழிச்ச டிக்கெட்டைக் குடுப்பாரு, நான் ஓடுவேன். தியேட்டர் வாசல்ல நிக்கறவரு தெரிஞ்சவரு, ஒண்ணும் கேக்கமாட்டாரு. மொதப் பாதிக் கதையை அவரு நாலு வார்த்தையில சொல்லிப்போடுவாரு.

அன்னிக்கு அவரு சொன்னது, "கதாநாயகி கெணத்துல விழுந்து செத்துப்போனா அம்மணி."

நான் போய் உக்காந்தா, அவ குத்துக்கல்லாட்டம் நின்னு சிரிச்சுட்டிருக்கறா. இந்த மனுசன் படமே பாக்கல. டிக்கெட்டைக் கிழிச்சு வாங்கிட்டு வேற எங்கயோ போயிருக்கறாரு. எங்க போனாரு, யாரு ஊட்டுக்கு? அதுக்கு மேல படத்துல ஒண்ணும் மண்டையில ஏறல.

ஊட்டுக்கு வந்து கேட்டேன். "பொணத்தைத் தூக்கிட்டுப் போனதை என் கண்ணால பாத்தேன்"னு சாதிச்சாரு. பொய்யி வேறயான்னு எனக்குப் பத்திட்டு வந்துச்சு. அன்னிக்குச் சோறு எறங்கல.

அடுத்த நாள் மத்தியானம், "இன்னிக்கு மொதப் பாதி எனக்குங்க"ன்னேன். ஒரு பார்வை பாத்தாரு. சரின்னாரு.

போனா, அவ நெசமாவே கெணத்துல விழுந்தா. ஊரே கூடித் தூக்கிட்டுப் போச்சு. அவளைக் கட்டுனவன் கெணத்து மேட்டுல உக்காந்து, அவளை மொதமொதப் பாத்த நாளை நெனச்சான். இடைவேளைன்னு போட்டுட்டான். அப்ப நேத்து நான் பாத்ததெல்லாம் அவ சாகறதுக்கு முந்தி நடந்தது. செத்ததை முன்னால வெச்சு, வாழ்ந்ததைப் பின்னால வெச்சிருக்கறான் படுபாவி. எனக்கு வெக்கமாப் போச்சு.

ஓட்டமும் நடையுமா ஊட்டுக்கு வந்தேன். "நீங்க சொன்னது சரிதானுங்க, அவ செத்துத்தான் போனா"ன்னு டிக்கெட்டை நீட்டுனேன்.

அவரு வாங்கல. ஒவ்வொண்ணா நாலு தறியையும் நிறுத்துனாரு.

"நீ படம் பாக்கவா போன? நான் போனனான்னு பாக்கத்தான போன?"

தறிச் சத்தம் இருந்திருந்தா காதுல உழுகாத மாதிரி நின்னிருப்பேன்.

"ஆமாங்க"ன்னேன்.

டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத் தறியை ஓட்டிவிட்டாரு. அந்தப் படத்தோட ரெண்டாம் பாதியை இன்னிக்கு வரைக்கும் அவரு பாக்கல. என்னாச்சுன்னு என்கிட்டக் கேக்கவும் இல்ல.