அக்கா சொன்ன பெயர்

என் தம்பியின் பேத்திக்குப் பதிமூன்று வயது. சிரித்தால் வீடே நிறையும். கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கச் சாப்பிடமாட்டாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அவளைக் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். அவள் அப்பன் போனில் என்னத்தையோ படித்துவிட்டு வந்து, "பார்டர்லைன் பெர்சனாலிட்டின்னு ஒரு மனவியாதி போட்டிருக்குதுங்க. அதுதானுங்களா? பேரை மட்டும் சொல்லிப்போடுங்க டாக்டர்" என்று கெஞ்சினான்.

"வளர்ற புள்ள. இப்பவே ஒரு பேரை ஒட்டி வெச்சுட்டா, அப்புறம் எல்லாரும் பேரைத்தான் பார்ப்பாங்க. முதல்ல நான் அவகூடப் பேசிப் பழகறேன்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அங்கேயே அக்காவின் நினைவு வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வராது.

அக்காவுக்கும் அப்போது அதே வயதுதான். நான் மூன்றாம் வகுப்பு. வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், வீட்டில் தறி. காலையில் அக்கா, "நீதான் பாப்பா எனக்கு எல்லாம்" என்று சடை பின்னிவிடுவாள். மத்தியானம் அதே சடையைப் பிடித்து இழுப்பாள். ஏன் என்று கேட்டால் அவளே அழுவாள். நெய்த சேலையைக் கொடுக்க அம்மா வெளியே கிளம்பினால் போதும், "நீ திரும்பி வரமாட்டே, எனக்குத் தெரியும்" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிடுவாள். போகிற வருகிற சனமெல்லாம் நின்று பார்க்கும்.

"இது புள்ளையோட குணமில்ல. என்னமோ புடிச்சிருக்குது" என்றார் பெரியம்மா. அதோடு எங்கள் வீட்டில் யோசிப்பது நின்றுபோயிற்று.

சேந்தமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு கோயில், அங்கே ஒரு கோடாங்கி. உடுக்கை அடித்து, பிடித்திருப்பது யார் என்று கண்டுபிடிப்பார். பேய் தன் பெயரைச் சொன்னால்தான் ஓட்ட முடியும். சொல்லாவிட்டால் ஆள் அங்கேயே தங்க வேண்டும். அதுதான் முறை.

அமாவாசைப் பகலில் அக்காவை உட்காரவைத்தார்கள். வேப்பிலைக் கொத்து தோளில் சடசடவென்று விழுந்தது.

"ஆரு நீ? சொல்லு!"

"நாந்தானுங்க."

"நாந்தான்னா ஆரு?"

அக்கா தன் பெயரைச் சொன்னாள். கோடாங்கி சிரித்தார்.

"பேய் மொதல்ல அப்படித்தான் சொல்லும். கெட்டிக்காரப் பேய்!"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

வெயில் சாயும்வரை இதே கேள்வி, இதே பதில். கடைசியில் அவர் அப்பாவிடம், "புள்ளைய உட்டுப்போட்டுப் போங்க. அடுத்த அமாவாசைக்கு வாங்க" என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா என் கையைப் பிடித்தாள். அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சத்தமாக, கிணற்றில் விழுந்து செத்துப்போன அத்தையின் பெயரைச் சொன்னாள்.

"நான் அப்பவே நெனச்சேன்!" என்றார் பெரியம்மா.

அக்காவின் உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். எல்லாருக்கும் நிம்மதி. பஸ்ஸில் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டே வந்தாள் அக்கா. அவள் முகம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஆனால் பேயை மரத்தில் விட்டாலும் பெயர் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அத்தை ஒருதரம் வந்துபோன உடம்பாயிற்றே! அம்மா சோற்றுத்தட்டை எட்ட வைத்துவிட்டு நகர்ந்தாள். அக்கா பக்கத்தில் கிடந்த என் பாயை எடுத்துச் சமையல்கட்டில் போட்டார்கள். அக்கா அழுதால், அத்தை அழுகிறாள் என்றார்கள். சிரித்தால் விபூதியை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா சீப்போடு வந்தாள்.

"வா பாப்பா, பின்னி உடறேன்."

நான் சுவரோரம் ஒண்டினேன்.

"நாந்தான் பாப்பா."

கோடாங்கி சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மாவிடம் ஓடிவிட்டேன். அக்கா சீப்பும் கையுமாக அங்கேயே நின்றாள். அன்றைக்கு வகுப்பில், வாயே திறக்காத நான், பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன், எங்கள் வீட்டுப் பேயை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று.